400 எல்பி தட்டுகளை டிஜிட்டலாக்க 192 கிலோஹெர்ட்ஸ் வேண்டுமா?

கேள்வியின் சாரம் இது: சுமார் 400 எல்பி இசைத்தட்டுகள் கையில் இருக்கின்றன. எல்லாவற்றையும் கணினியில் ஏற்ற வேண்டும். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்வதா, 96 போதுமா? எந்த வடிவத்தில் வைப்பது, எவ்வளவு இடம் பிடிக்கும்? பத்து இருபது வருஷம் கழித்தும் கோப்புகள் பத்திரமாக இருக்க என்ன செய்வது?

நேரடியாகச் சொன்னால்: 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், ஒலியை இழப்பில்லாமல் சுருக்கும் ஃப்ளாக் வடிவம். 400 தட்டுகளும் சேர்ந்து ஏறக்குறைய 330 ஜிபியில் அடங்கிவிடும். இதோடு முடித்துக்கொள்ளலாம்தான். ஆனால் இந்த வேலையில் இறங்குகிற பலர் சாம்பிள் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளப்பது என்பதை, மாதக்கணக்கில் யோசித்துவிட்டு, கடைசியில் ஊசியில் ஒட்டிய தூசியோடு பதிவைத் தொடங்கிவிடுகிறார்கள். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். தட்டு ஒன்றுக்கு 40 நிமிடம் என்று வைத்தால் 400 தட்டுக்கு 16,000 நிமிடம், அதாவது 266 மணி நேரத்துக்கும் மேல். இது ஊசி ஓடும் நேரம் மட்டும். கழுவுவது, திருப்பிப் போடுவது, பாட்டுகளைப் பிரிப்பது, பெயர் போடுவது எல்லாம் சேர்ந்தால் எளிதில் இரட்டிப்பாகும். ஹார்ட் டிஸ்க் இடத்தைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம், இந்த நேரத்தை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. எனவே எந்த முடிவெடுக்கும்போதும் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இப்படிச் செய்தால் இந்தத் தட்டை மறுபடி ஓட்ட வேண்டி வருமா? வரும் என்றால் அதைச் செய்யாதீர்கள்.

பிட் ஆழத்தில், அதாவது ஒவ்வொரு அளவையும் எத்தனை பிட்டில் குறிப்பது என்பதில், தொடங்குவோம். ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபல் என்பது கணக்கு. 16 பிட்டில் 96 டெசிபல் கிடைக்கும். நல்ல நிலையில் இருக்கும் வினைல் தட்டிலேயே உச்ச சத்தத்துக்கும் மேற்பரப்பு இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி 60, 70 டெசிபல் அளவில்தான் நிற்கும். அப்படியானால் 16 பிட்டே போதுமே என்று கேட்கலாம். கேட்பதற்குப் போதும், பதிவு செய்யத்தான் போதாது. 24 பிட்டில் லெவலைத் தாராளமாகக் குறைத்து வைத்துக்கொள்ளலாம். எதிர்பாராத ஓர் உரத்த இடம் வந்தாலும் உச்சி வெட்டுப்படாது, கீழே எதையும் இழந்ததாகவும் ஆகாது. பிறகு டிக் டிக் சத்தங்களை நீக்குவது, லெவல் சரிசெய்வது போன்ற வேலைகளுக்கும் இடம் இருக்கும்.

சாம்பிள் ரேட் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கறாரானது. 192 என்பது பெரும்பாலும் மன ஆறுதல். தட்டிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வருவதில் பெரும்பகுதி இரைச்சலும், ஊசி பள்ளத்தைச் சரியாகப் பின்பற்ற முடியாததால் உண்டாகும் சிதைவும்தான். 96 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்தால் அதில் பாதியான 48 கிலோஹெர்ட்ஸ் வரை பிடிபடும், அதுவே தாராளம். ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச அமைப்பான ஐயாசாவின் வழிகாட்டியும் 24 பிட்டோடு குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ் என்று சொல்லிவிட்டு, 96-ஐப் பரிந்துரைக்கிறது. 96-க்கு ஆதரவாக நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. கீறலால் வரும் டிக் சத்தம் பலசமயம் ஒரு மில்லிசெகண்டுக்குள் முடிந்துவிடும். அந்த ஒரு மில்லிசெகண்டில் 44.1 கிலோஹெர்ட்ஸில் 44 புள்ளிகள், 96-இல் 96 புள்ளிகள். டிக் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மென்பொருள் கண்டுபிடிக்க அது உதவும். விதிவிலக்கு ஒன்று இருக்கிறது: 1970களில் வந்த சிடி-4 என்கிற நாலு சேனல் தட்டுகள். முன்பக்க, பின்பக்க சேனல்களைப் பிரித்தெடுக்கும் தகவல் அவற்றில் 30 கிலோஹெர்ட்ஸ் அலைமேல் ஏற்றப்பட்டு 45 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். உங்கள் சேகரிப்பில் அவை இருந்தால், அவற்றை மட்டும் 192-இல் எடுப்பதில் நியாயம் உண்டு. ஊசியும் அதற்குத் தகுந்ததாக, ஷிபாட்டா போன்ற வடிவத்தில், இருக்க வேண்டும்.

சரி, உண்மையான தரம் எங்கே தீர்மானமாகிறது? சத்தம் கணினிக்குள் நுழைவதற்கு முன்னாலேயே.

தட்டைக் கழுவாமல் பதிவு செய்யாதீர்கள். உலர்ந்த பிரஷ் மேலே இருக்கும் தூசியைத்தான் எடுக்கும், பள்ளத்துக்குள் ஒட்டியிருக்கும் விரல் எண்ணெயும் பூஞ்சையும் அப்படியே இருக்கும். காய்ச்சி வடித்த நீரில் சில துளி சர்ஃபக்டன்ட் (சோப்பு போல அழுக்கைப் பிரிக்கும் பொருள்) கலந்து, மென்மையான பிரஷ்ஷால் பள்ளம் போகும் திசையிலேயே தேய்த்து, பிறகு வெறும் வடித்த நீரில் அலசி, உறிஞ்சி எடுப்பது நல்ல முறை. குழாய் நீர் வேண்டாம், காய்ந்தபின் அதன் உப்பு பள்ளத்தில் தங்கும். லேபிள் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வினைலுக்கு ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைக் கொஞ்சமாகச் சேர்ப்பவர்கள் உண்டு. பழைய 78 சுழற்சித் தட்டுகளில் மட்டும் ஆல்கஹால் படவே கூடாது, அவை ஷெல்லாக்கால் ஆனவை, கரைந்துபோகும். இரவு கழுவி வைத்துவிட்டு மறுநாள் பதிவு செய்வது வசதி, ஈரம் சுத்தமாகப் போயிருக்கும்.

அடுத்தது ஊசி. தட்டின் வெளிவிளிம்பில் பள்ளம் ஊசிக்கடியில் நொடிக்கு ஏறக்குறைய 51 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. உள்ளே கடைசிப் பாட்டு வரும்போது அது 21 சென்டிமீட்டருக்கு வந்துவிடும். அதே ஒலி அலை பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கிச் செதுக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டிலும் 'ஸ', 'ஷ' ஒலிகள் கரகரப்பதற்கு இதுதான் காரணம். கூம்பு வடிவ ஊசி இந்த இடத்தில் திணறும், நீள்வட்ட ஊசியோ அதைவிட நுட்பமான வடிவங்களோ நன்றாகத் தாங்கும். ஒலியை டிஜிட்டலாக்கிக் கணினிக்குத் தரும் ஆடியோ இன்டர்ஃபேஸை மாற்றுவதா, ஊசி பொருந்தியிருக்கும் கார்ட்ரிட்ஜை மாற்றுவதா என்று யோசித்தால் தயங்காமல் கார்ட்ரிட்ஜை மாற்றுங்கள். தேய்ந்த ஊசியால் 400 தட்டு ஓட்டினால் பதிவும் கெடும், தட்டும் கெடும்.

கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ ப்ரீஆம்ப் பற்றி ஒரு எச்சரிக்கை போதும். தட்டு வெட்டும்போது தாழ் ஒலிகளைக் குறைத்தும் உச்ச ஒலிகளைக் கூட்டியும் பதிப்பார்கள். கேட்கும்போது ப்ரீஆம்ப் அதைத் தலைகீழாக்குகிறது. ஆர்ஐஏஏ வளைவு என்பது இதுதான், 1950களின் நடுவிலிருந்து எல்பிகளுக்கு இதுவே பொது அளவுகோல். இப்போதைய பல டர்ன்டேபிள்களுக்குள்ளேயே ஒரு ப்ரீஆம்ப் இருக்கும், பின்னால் ஃபோனோ, லைன் என்று ஒரு சுவிட்சும் இருக்கும். லைனில் வைத்துவிட்டு வெளி ப்ரீஆம்பிலும் செருகினால் வளைவு இருமுறை ஏறி எல்லாம் குமுகுமு என்று சிதறும். இரண்டிலும் ஏறாவிட்டால் ஒல்லியாக, கீச்சென்று கேட்கும். ம்ம்ம் என்று ஓயாத இரைச்சல் வந்தால் டர்ன்டேபிளின் எர்த் வயரைப் பாருங்கள், மடிக்கணினியானால் சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

பதிவு லெவல்: தட்டின் மிக உரத்த இடத்தை ஓட்டி, உச்சி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி கெயினை (உள்ளீட்டுப் பெருக்கத்தை) வையுங்கள். மைனஸ் 10 வரை இறங்கினாலும் கவலையில்லை. பெரிய கீறல்களின் உச்சி அதற்கும் மேலே போய் வெட்டுப்பட்டாலும் நஷ்டமில்லை, எப்படியும் அதை எடுத்து எறியத்தான் போகிறீர்கள். ஒரு தட்டின் இரண்டு பக்கங்களுக்கும் கெயினை மாற்றாதீர்கள்.

இப்போது பலர் கவனிக்காமல் விடுகிற ஓர் இடம். பதிவு மென்பொருளில் 96 என்று வைத்திருப்பீர்கள், இயங்குதளத்தின் ஒலி அமைப்பில் அதே சாதனம் 48 என்று இருக்கும். நடுவில் இயங்குதளம் சத்தமில்லாமல் மாற்றிக் கொடுத்துவிடும். கோப்பின் விவரத்தைப் பார்த்தால் 96 என்றே காட்டும். இதைப் பிடிப்பது சுலபம். ஒரு நிமிடம் பதிவு செய்து, ஆடாசிட்டி என்கிற இலவச ஒலி மென்பொருளில் அலைவடிவத்துக்குப் பதில், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாறுங்கள், மேல் எல்லையை 48 கிலோஹெர்ட்ஸ் ஆக்குங்கள். உண்மையான 96 என்றால் இரைச்சல் மேலே போகப் போக மெல்ல மங்கும். 22 அல்லது 24 கிலோஹெர்ட்ஸில் ஸ்கேல் வைத்து வெட்டினாற்போல் நேர்க்கோடு தெரிந்து, அதற்கு மேல் ஒன்றுமே இல்லை என்றால் உங்கள் 96 வெறும் பெயரளவில்தான். பிட் ஆழத்துக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு: 24 பிட் ஃப்ளாக் கோப்பு சந்தேகப்படும் அளவுக்குச் சிறியதாக இருந்தால், உள்ளே வந்தது 16 பிட்டும் எட்டு பூஜ்யங்களுமாக இருக்கலாம். அந்தப் பூஜ்யங்களை ஃப்ளாக் கண்டுபிடித்துச் சுருக்கிவிடும்.

ஊசியை இறக்குவதற்கு முன் பதிவைத் தொடங்கி, கடைசிப் பள்ளத்துக்குப் போனபின் நிறுத்துங்கள். ஒரு பக்கம், ஒரு கோப்பு. தொடக்கத்தில் வரும் வெறும் பள்ளத்தின் இரைச்சல் பிறகு இரைச்சலைக் குறைக்க நினைத்தால் மாதிரியாகப் பயன்படும். இரண்டு பக்கங்களையும் ஒரே கோப்பில் ஓட்ட வேண்டாம் என்பதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. சுருக்காத ஒலி வடிவமான வேவ் கோப்பு தன் அளவைக் குறித்துவைக்கும் இடம் 32 பிட் என்பதால் 4 ஜிபிக்கு மேல் தாங்காது. 24 பிட் 192-இல் 62 நிமிடத்திலேயே அந்த எல்லை வந்துவிடும்.

இப்படி வந்த கோப்பை மூலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூலத்தில் கை வைக்கக் கூடாது. டிக் நீக்கம், இரைச்சல் குறைப்பு, லெவல் ஏற்றம் எதுவும் அதில் வேண்டாம், எல்லாம் நகலில்தான். மென்பொருள்கள் வருஷத்துக்கு வருஷம் மேம்படுகின்றன. இன்று நீங்கள் நீக்கிவிட்டதை நாளைய மென்பொருளால் திரும்பக் கொண்டுவர முடியாது. மோனோ தட்டானாலும் மூலத்தை ஸ்டீரியோவாகவே எடுங்கள். பள்ளத்தின் இரண்டு சுவர்களில் ஒன்று அதிகம் தேய்ந்திருந்தால் நல்ல பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், இரண்டும் நன்றாக இருந்தால் கேட்கும் நகலில் சேர்த்து மோனோ ஆக்கலாம். சேர்க்கும்போது ஊசியின் மேல் கீழ் அசைவால் வரும் இரைச்சல் பெருமளவு அடிபட்டுப் போகும்.

டிக் நீக்கத்தில் நிதானம் வேண்டும். அலைவடிவத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தால் இசை வளைந்து வளைந்து போய்க்கொண்டிருக்கும், திடீரென்று ஒரு கூர்முனை மேலே பாய்ந்து, சில புள்ளிகளிலேயே கீழே விழுந்து, சிறிது ஆடி அடங்கும். அது கீறலா, தாளக் கருவியின் அடியா என்று குழப்பம் வந்தால் நேரத்தைப் பாருங்கள். தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றுவதால் ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. குறுக்காக விழுந்த கீறல் மிகச்சரியாக 1.8 நொடிக்கு ஒருமுறை வரும், இசைக்கலைஞர் அவ்வளவு துல்லியமாக அடித்துக்கொண்டிருக்க மாட்டார். தானியங்கி நீக்கியின் அளவைக் கூட்டினால் அது நல்ல சத்தத்தையும் தின்னும். ட்ரம்பெட் போன்ற பித்தளைக் கருவிகளின் அலைவடிவமே கூர்முனைகளாக இருப்பதால் அங்கே இன்னும் ஜாக்கிரதை. சோதிக்கும் வழி: நீக்குவதற்கு முந்தைய சத்தத்தை, நீக்கிய சத்தத்திலிருந்து கழித்து, மிச்சத்தை மட்டும் கேளுங்கள். ஆடாசிட்டியில் ஒரு தடத்தை இன்வர்ட் செய்து இரண்டையும் சேர்த்தால் போதும். டிக் டிக் மட்டும் கேட்டால் சரி, அதனுள்ளே தாளமோ பாட்டோ அடையாளம் தெரிந்தால் அளவைக் குறையுங்கள். முழுநேர இரைச்சல் குறைப்பை நான் பரிந்துரைப்பதில்லை. வினைலின் மெல்லிய உஸ் சத்தத்தைக் காது சீக்கிரம் மறந்துவிடும், அதை நீக்கியதால் வரும் தண்ணீருக்கடியில் பாடுகிற குரலை மறக்காது.

இனி சேமிப்பு. 24 பிட் 96 ஸ்டீரியோவுக்கு நிமிடத்துக்கு 34.56 எம்பி, 40 நிமிடத் தட்டு 1.4 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. 400 தட்டு 553 ஜிபி. ஃப்ளாக் ஆக்கினால் சுமார் அறுபது சதவீதத்துக்கு வரும், தட்டின் இரைச்சலைப் பொறுத்து முன்னே பின்னே. 192-இல் எல்லாமே இரண்டு மடங்கு. ஃப்ளாக்கில் ஒரு பிட்கூட இழப்பில்லை, விரித்தால் அதே ஒலி அப்படியே திரும்பி வரும். வேவைவிட எனக்கு ஃப்ளாக் பிடித்ததற்கு இடம் மிச்சமாவது இரண்டாவது காரணம்தான். முதல் காரணம், ஒலியின் எம்டி5 கைரேகை கோப்பின் தலைப்பிலேயே இருக்கிறது. கோப்பு எங்காவது கெட்டுப்போனால் ஃப்ளாக் நிரலின் சோதனைக் கட்டளை உடனே சொல்லிவிடும். வேவில் ஒரு பிட் மாறினால் யாருக்கும் தெரியாது. ஃப்ளாக் 2024 டிசம்பரில் இணையத் தரநிலை ஆவணமாகவும் வெளிவந்துவிட்டது, அதைப் படிக்க நாளை மென்பொருள் இல்லாமல் போகும் என்ற பயம் வேண்டாம்.

கோப்புப் பெயரில் ஆல்பத்தின் பெயர், பாடகர் பெயர், வருஷம் என்று அடுக்காதீர்கள். எழுத்துக்கூட்டல் மாறும், சில குறிகளை ஓர் இயங்குதளம் ஏற்கும், இன்னொன்று ஏற்காது. தட்டுக்கு ஒரு வரிசை எண் கொடுத்து, அதே எண்ணை உறையின் உட்பக்கம் பென்சிலில் எழுதுங்கள். 0147-1, 0147-2 என்றால் 147ஆம் தட்டின் முதல் பக்கம், இரண்டாம் பக்கம். பாடகர், இசை, நிறுவனம் எல்லாம் கோப்பின் டேக்கில் போகட்டும், அங்கே தமிழிலேயே எழுதலாம். கடைசிப் பள்ளத்துக்கும் லேபிளுக்கும் நடுவே வினைலில் கீறியிருக்கும் மேட்ரிக்ஸ் எண்ணை மறக்காமல் குறியுங்கள். ஒரே ஆல்பத்தின் வெவ்வேறு அச்சுகளைப் பிரித்தறிய பலசமயம் அது ஒன்றுதான் வழி. எந்த ஊசி, எந்த ப்ரீஆம்ப், என்ன கெயின், எந்தத் தேதி என்பதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள். உறையை வீட்டு ஸ்கேனரில் வைத்தால் அடங்காது, 31 சென்டிமீட்டர் சதுரம் அது. நல்ல வெளிச்சத்தில் நேராகப் படம் எடுப்பது போதும்.

பாட்டுகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பதை ஆடாசிட்டி லேபிள்களாக வைத்து, அந்த லேபிள்களை எழுத்துக் கோப்பாக ஏற்றுமதி செய்து மூலத்தோடு வையுங்கள். சில கிலோபைட்தான். கேட்கும் நகல்கள் எல்லாம் அழிந்தாலும் மூலத்தையும் இதையும் வைத்துச் சில நிமிடங்களில் மறுபடி வெட்டிவிடலாம். மூலத்தைத் தொடாமல் வைத்திருந்தால்தான் அந்த நேரக்குறிப்புகள் பொருந்தும் என்பதையும் கவனியுங்கள். கேட்கும் நகல் 16 பிட் 44.1 ஃப்ளாக் ஆனால் போதும், ஃபோனுக்கு ஓபஸ் அல்லது எம்பி3.

பேக்கப்புக்குப் புகைப்படக்காரர்களிடமிருந்து வந்த 3-2-1 விதி போதுமானது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு பேக்கப் அல்ல. டிஸ்க் ஒன்று செத்தால் அது காப்பாற்றும், நீங்கள் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் எல்லா டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழித்துத் தரும். தானாக ஒத்திசைக்கும் மேகச் சேமிப்புக்கும் இதே குணம் உண்டு, பழைய பதிப்புகளை வைத்திருக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். பல வருஷம் மின்சாரம் இல்லாமல் அலமாரியில் தூங்க வேண்டிய பிரதிக்கு எஸ்எஸ்டி வேண்டாம், ஹார்ட் டிஸ்க்கே மேல். இரண்டு டிஸ்க்கையும் ஒரே நாளில் ஒரே மாடலாக வாங்காதீர்கள். மேகத்தில் ஏற்றுவதானால் 330 ஜிபி, நொடிக்கு 20 மெகாபிட் அப்லோட் வேகத்தில் ஏறக்குறைய ஒன்றரை நாள் பிடிக்கும், பயப்படும் அளவு இல்லை.

இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைகள் ஒவ்வொரு துண்டுக்கும் சோதனைத் தொகை வைத்திருந்து, கெட்டதைக் கண்டுபிடிக்கும், இன்னொரு டிஸ்க்கில் அதே பிரதி இருந்தால் சரியும் செய்யும். சாதாரண என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் டிஸ்க் வைத்திருப்பவர்களும் குறைப்பட வேண்டியதில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஷா-256 பட்டியல் (கோப்புகளின் கைரேகைப் பட்டியல்) ஒன்றைப் போட்டுவிட்டு, வருஷத்துக்கு ஒருமுறை எல்லாப் பிரதிகளையும் அதனோடு ஒப்பிட்டால் அதே பலன் கிடைக்கும். படங்களும் லேபிள் கோப்புகளும்கூட அதில் அடங்கிவிடும்.

எந்தத் தட்டில் தொடங்குவது? டிஜிட்டலில் இதுவரை வெளிவராதவை முதலில், பிறகு உங்களுக்குப் பிடித்தவை, கடையில் நல்ல மாஸ்டரிங்கில் சிடியாகக் கிடைப்பவை கடைசியில், அல்லது வேண்டவே வேண்டாம். முதல் பத்துத் தட்டுகளை மட்டும் கழுவுவதிலிருந்து பேக்கப் வரை முழுசாக முடியுங்கள். அப்புறம் வேண்டுமென்றே ஒரு மூலக் கோப்பை அழித்துவிட்டு, இன்னொரு பிரதியிலிருந்து மீட்டு, லேபிள் கோப்பை வைத்துப் பாட்டுகளை மறுபடி வெட்டிப் பாருங்கள். எங்கே இடிக்கிறது என்பது அப்போது தெரிந்துவிடும், அதைச் சரிசெய்துகொண்டு மீதி 390-ஐ எடுக்கலாம்.